மாமனார் ஸ்லோ, கடைசியில இழுக்கும்

"…அது இருக்கட்டும் மாப்ள, 'மாமனார் ஸ்லோ, கடைசியில இழுக்கும்'னு ஒண்ணு போட்டுருக்கே, அது யாரு?"

கேட்டவர் என் மாமனார். கேட்ட இடம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேடை. அவர் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் பாடகியின் மைக் இருந்தது. மைக் ஆனில் இருந்தது. (ஆஃபில் இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.)

தப்பு முழுக்க என்னுடையதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். ஒரு மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ். வேனில் ஏற்றி இறக்குகிற பெரிய செட் எல்லாம் கிடையாது. கையால் தட்டுகிற பேட் ஒன்று, லேப்டாப் ஒன்று, அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து பேடில் ஒரு தாளத்தைத் தட்டுவேன். எந்த நேரத்தில் எதை எவ்வளவு பலமாகத் தட்டினேன் என்பதை லேப்டாப்பில் இருக்கும் ட்ரம் சாஃப்ட்வேர் மிடி கோப்பாகக் குறித்துக்கொள்ளும். அந்தத் துண்டுக்கு குரூவ் என்று பெயர். அதைப் பெயர் போட்டுச் சேமித்து வைத்தால், மேடையில் ஒரே க்ளிக். அது சுற்றிச் சுற்றி ஓடும். அதன்மேல் நான் கையால் வாசிப்பேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது. அதனாலேயே அந்த குரூவ்களின் மேல் எனக்கு ஒரு கொடூரமான பாசம்.

முதலில் எல்லோரையும் போல 'கல்யாணக் குத்து 1', 'கல்யாணக் குத்து 2' என்றுதான் பெயர் வைத்திருந்தேன். எங்கள் குழுவின் கீபோர்டு ஆல்பர்ட் ஒருநாள் பக்கத்து ஊரான குடிகாட்டில் நடந்த கச்சேரியில், மெயில் பார்க்க வேண்டும் என்று என் லேப்டாப்பை ஐந்து நிமிடம் வாங்கினான். அடுத்த வாரம் அவன் தனியாக வாசித்த ஒரு பிறந்தநாள் விழாவில், என் 'கல்யாணக் குத்து 2' காதில் விழுந்தது. நான் சாப்பாட்டுப் பந்தியிலேயே கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து ஆல்பர்ட் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். அவன் தண்ணீர் குடிக்கப் போனால்கூட லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, சேமித்து வைத்திருந்த நூற்றுச் சொச்சம் குரூவ்களுக்கும் பெயர் மாற்றினேன். பெயரைப் பார்த்தால் திருடனுக்கு ஒன்றும் புரியக்கூடாது; எனக்கு மறக்கவும் கூடாது. இரண்டுக்கும் பொருந்தி வந்தது என் மனைவியின் குடும்பம்தான். ஒவ்வொருவரின் குணமும் எனக்கு மனப்பாடம். (ஆறு வருட ஆராய்ச்சி.) ஒவ்வொரு குரூவுக்குப் பக்கத்திலும் குறிப்பு எழுத சாஃப்ட்வேரில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதையும் நேர்மையாக நிரப்பினேன்.

மற்றவை பெயருக்குத்தான், மாமனார் குரூவ் மட்டும் நிஜமாகவே அவரைக் கேட்டுத் தட்டியது. அவர் வீட்டுக்குள் செருப்போடு நடப்பார். டக், டக், சர்ர்ர்… அப்புறம் கொஞ்சம் தாமதமாக ஒரு டக். அந்தத் தாமதம் இருக்கிறதே, அதற்காக எந்த ட்ரம்மரும் கை வலிக்கப் பயிற்சி செய்வான். இவருக்கு அது காலிலேயே இருந்தது.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலை விட்டு இறங்கினாரே தவிர, பரிசோதனையை விடவில்லை. எந்த மண்டபத்திலும் செருப்பைக் கழற்ற மாட்டார். கழற்றினால் போய்விடும் என்பது அவர் கட்சி. என்னை யாரிடமாவது அறிமுகப்படுத்தினால், "பெரிய மாப்ள கம்ப்யூட்டர் லைன்ல இருக்காரு" என்று முடித்துக்கொள்வார். ட்ரம்ஸ் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. தானாக அடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா என்று மகளிடம் கேட்பாராம். அவரேதாம்பா வாசிக்கிறாரு என்று இவள் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "எல்லாரும் டிக்கெட் இருக்குன்னுதாம்மா சொல்லுவாங்க."

அதனால்தான் மச்சினியின் வரவேற்புக்கு எங்கள் குழுதான் வாசிக்கும் என்று அடம்பிடித்தேன். புதுச் சம்பந்தியிடம் மாமனார் தன் வாயாலேயே, எங்க பெரிய மாப்பிள்ளை ட்ரம்ஸ் வாசிக்கிறவர் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

மூன்றாவது பாட்டு வரை நன்றாகத்தான் போனது. சிதம்பரத்து வெக்கையில் வியர்வை கண்ணில் இறங்கியது. இரண்டு கையாலும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். ட்ரம்ஸ் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முன் வரிசையில் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்து பாடகி தண்ணீர் குடிக்க இறங்க, இவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடை ஏறிவிட்டார். "கைய எடுத்தீங்க, சத்தம் நிக்கலியே மாப்ள" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப் பக்கம் குனிந்தார். நான் மூடப் போனேன். "மூடாதீங்க. செக்கிங் நடக்குது."

அவருக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் படித்த மாதிரி இருக்கும். ரயிலில் சார்ட் படிக்கிற அதே குரலில் வரிசையாகப் படித்தார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மச்சான், சத்தம் ஜாஸ்தி விஷயம் கம்மி. சின்ன மாமியார், ஆரம்பிச்சா நிக்காது. மச்சினி, நல்லாத்தான் போகும், திடீர்னு கோவம்."

புது மாப்பிள்ளை சிரித்தார். மச்சினிக்குத் திடீரென்று கோபம் வந்தது. மச்சான் ஐஸ்கிரீம் கப்போடு எழுந்து நின்று சத்தம் போட ஆரம்பித்தான். விஷயம் என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை.

ஏன்டா இப்படிப் பேர் வச்ச என்று ஆல்பர்ட் என் காதைக் கடித்தான். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம். "டேய், அந்தக் கல்யாணக் குத்து சாஃப்ட்வேரு கூடவே சும்மா வர்றது. எங்கிட்டயும் அதே சாஃப்ட்வேருதான். ரெண்டு அடியத் தள்ளி வச்சிட்டு நீ சொந்தம்னு சொல்லிக்கிட்டுத் திரியிற."

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, குறிப்புதான். சின்ன மாமியார் போன் செய்தால், "நிக்காதது லைன்ல இருக்கு" என்று என் மனைவி போனை நீட்டுவாள். எங்காவது தாமதமாக வந்து சேர்ந்தால் மாமனாரே, "கடைசியில கொஞ்சம் இழுக்கத்தான செய்யும்" என்கிறார்.

ஆனால் அன்றைக்கு மேடையில் அவர் 'அது யாரு' என்று அந்தக் கேள்வியைக் கேட்டபோது, "நீங்கதான் மாமா. உங்க செருப்பு நடையக் கேட்டு நான் கையால தட்டுனது" என்றேன். மைக் அதையும் வாங்கி எல்லோருக்கும் சொன்னது.

"போடுங்க. கேப்போம்."

க்ளிக் செய்தேன். டக், டக், சர்ர்ர்… டக்.

தலையைச் சாய்த்து இரண்டு சுற்று கேட்டார். திரும்பிப் படி இறங்கி நடந்தார். அவர் கால் விழுகிற இடத்தில் எல்லாம் ஸ்பீக்கரில் தாளமும் விழுந்தது. பாதி மண்டபம் கைதட்ட ஆரம்பித்தது. சட்டென்று நின்றார். தாளம் நிற்கவில்லை. திரும்பி என் கையைப் பார்த்தார்; பிடிபட்டவனைப் போல இரண்டையும் தூக்கி வைத்திருந்தேன். பிறகு தன் காலைப் பார்த்தார்.

எந்த மண்டபத்தையும் நம்பாத மனிதர் குனிந்து செருப்பைக் கழற்றினார். வெறுங்காலோடு நாலு அடி வைத்தார். ஸ்பீக்கரில் செருப்பு தானாக நடந்துகொண்டிருந்தது. கழற்றிய செருப்பை அங்கேயே, நட்டநடு மண்டபத்தில், காவலுக்கு ஆளில்லாமல் விட்டுவிட்டு நேராகப் புதுச் சம்பந்தியிடம் போனார். அவர் கையைப் பிடித்து எழுப்பி, என் பக்கம் காட்டி, "எங்க பெரிய மாப்ள. ட்ரம்ஸ் வாசிக்கிறாரு" என்றார்.