சேர்வருக்குப் பிடித்த பேய்

இரண்டாயிரத்து ஏழில் தம்புள்ளையில் ஒரு கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்தது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டை காட்டி, யட்டவத்தையிலிருந்துகூடச் சனம் அதைப் பார்க்க வந்தது.

மரக்கறி மொத்த வியாபாரக் கம்பனி ஒன்றின் சேர்வர் அது. கிளைகளுக்கு அன்றைய விலையைச் சொல்வது அதன் வேலை. வெள்ளிக்கிழமை காலையானால் நின்றுவிடும். முத்துவீரன் சாமி என்ற பூசாரி வந்து, அம்மனை அழைத்து, தேசிக்காய் வெட்டி, அதன் தலையில் திருநீறு கொட்டுவார். அரைமணியில் விலை வரும். பக்தர்கள் மிளகையும் கராம்பையும் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்கள். ஒருவர் ஓடாத தண்ணீர்ப் பம்பையே தூக்கி வந்திருந்தார்.

மூன்றாம் வாரம் சாமி காரணத்தையும் கண்டுபிடித்தார். அறையைக் கூட்டும் காத்தாயிமேல் ஏதோ ஒட்டியிருக்கிறதாம். பன்னிரண்டு வருடம் கூட்டியவளை முதலாளி அன்றே நிறுத்தினார்.

விலைப்பிரிவில் இருந்த நூருன்னிஸாவுக்கு அது பொறுக்கவில்லை. சேர்வர் எதை எப்படிச் செய்யவேண்டும் என்று எழுதிவைத்த கோப்பு ஒன்று உண்டு. அதைத் தினமும் மாலையில் திகதி போட்டுப் பிரதியெடுத்து வைத்தாள். அடுத்த வெள்ளி சேர்வர் நின்றதும், அன்றைய கோப்பையும் முந்தைய நாள் பிரதியையும் அச்சடித்து வரிவரியாக ஒப்பிட்டாள். ஒரே ஒரு இலக்கம் மாறியிருந்தது. பேய்க்கு டைப் பண்ணத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கோப்பைத் திருத்தும் பாஸ்வேர்ட் இருவரிடம்தான் இருந்தது: முதலாளியிடமும், பூசையின்போது சாமிக்கு உதவியாகக் கீபோர்டருகே உட்காரும் டெக்னீசியன் நோபர்ட்டிடமும். இன்று நோபர்ட் வெளியே இருக்கட்டும் என்று மட்டும் முதலாளியிடம் கேட்டாள். அவரும் சம்மதித்தார்.

ஒரு மணிநேரம் போனது. ஏழு தேசிக்காய் போனது. சேர்வர் அசையவில்லை.

“நோபர்ட் தம்பி உள்ள வந்தாத்தான் அம்மா எறங்குவா” என்றார் சாமி, வியர்த்தபடி.

“ஏன், அம்மாவுக்கு பாஸ்வேர்ட் தெரியாதா?” என்றாள் நூருன்னிஸா.

முதலாளி தன் பாஸ்வேர்டைத் தட்ட, அவள் நேற்றைய பிரதியைப் போட்டாள். கற்பூரம் எரியாமலே விலை வந்தது. இலக்கத்தை மாற்றியதும் திருத்தியதும் தான்தான், மிளகில் பாதி தன் பங்கு என்று நோபர்ட் ஒப்புக்கொண்டான். சாமி பின்கதவால் போய்விட்டார்.

முதலாளி காத்தாயி குடியிருந்த தோட்டத்து லயத்துக்கே போய்க் கூப்பிட்டார்.

“பன்னெண்டு வருசம் பாத்த என்னைய நம்பல. மூணு வாரம் பாத்த ஆள நம்புனீங்க” என்றாள் அவள். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி அவரை அனுப்பினாள்.

இங்கே கம்பனி வாசலில் சனம் நூருன்னிஸாவின் காலில் விழப் பார்த்தது. அவள் அச்சடித்த இரண்டு தாள்களையும் முன்னால் நின்றவரின் கையில் திணித்தாள்.

“என்னையும் கும்பிட வாணாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. கண்ணு உங்களுக்கும் இருக்குதானே?”