கனடாக்காரர் கேட்ட படங்கள்

படத்தில் வீட்டைவிடக் கழுதையின் பின்பக்கம்தான் பெரிதாகத் தெரிந்தது.

கிறகரி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். கழுதை நகர்வதாக இல்லை. 'பேசாலையில் அருமையான வீடு விற்பனைக்கு' என்று எழுதிப் பேஸ்புக்கில் போட்டுத் தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை, அதற்குள் ஒருத்தன் கீழே கேட்டிருந்தான்: 'கழுதையும் சேர்த்தா, தனியா?'

"கலைச்சுப்போட்டு எடுங்கோ எண்டு நான் அப்பவே சொன்னனான்," என்றாள் மனைவி மாக்கிறட், மீன் வெட்டியபடியே.

"கலைச்சாலும் திரும்பி வருதப்பா. வாசலை மறிக்கப் படலை இல்லையே."

படலை விழுந்தது மூத்த மகளின் கலியாணத்துக்கு முதல். அவளுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. கிறகரி அந்தப் படலையை 'நாளைக்குப் பாப்பம்' என்று வைத்திருந்தார். ஒழுகுகிற கூரையும் கரிபிடித்த குசினிச் சுவரும் அதே நாளைக்காகத்தான் காத்திருந்தன. இப்படியே வேலை சேர்ந்துகொண்டு போனதில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது: வீட்டை விற்றுவிட்டு மன்னார் டவுனில் வாடகைக்குப் போய்விடுவது. வாடகை வீட்டில் எது உடைந்தாலும் வீட்டுக்காரன் பாடு. சாகும்வரை சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பவே தேவையில்லை.

ஒரேயொரு சிக்கல். வீடு மாக்கிறட்டின் சீதனம். உறுதிப் பத்திரம் அவள் பேரில். அவள் கையெழுத்து வைக்காமல் ஓர் ஓடுகூட அசையாது. அழுவாள், கோயிலுக்கு ஓடுவாள், பங்குச் சுவாமியைக் கூட்டி வருவாள் என்று பயந்து பயந்துதான் விசயத்தைச் சொன்னார்.

"விக்கிறதெண்டா வில்லுங்கோ. நல்ல ஆள் வந்தா நான் கையெழுத்து வைக்கிறன்," என்றுவிட்டு அவள் எழும்பிப் போனாள்.

இவ்வளவு நல்ல மனிசியா என்று கிறகரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

படம் போட்ட அன்று பின்னேரமே கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. பெயர் பற்றிக் என்றார். ஊர்ப்பக்கம் ஒரு வீடு வாங்கி வைக்க ஆசையாம்.

"வீடு பிடிச்சிருக்கு ஐயா. படம்தான் சரியில்லை. படலையோட சேர்த்து வடிவா ஒண்டு எடுத்து அனுப்புங்கோ."

"ஓம் தம்பி, இப்பவே அனுப்புறன்!"

பக்கத்து வீட்டு றோசம்மா சந்தைக்குப் போயிருந்தாள். கிறகரி அவளுடைய படலையைக் கழற்றி வந்து தன் வாசலில் சாத்தி வைத்துப் படம் எடுத்தார். படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் இங்கே வழி அடைபட்டதால் கழுதை அங்கே போய், றோசம்மா காயப்போட்டிருந்த கருவாட்டின் மேல் சுகமாகப் புரண்டு எழும்பியது.

"கிறகரியண்ணை! என்ர படலை உங்கட வாசலில என்ன செய்யுது?"

"அது... படத்துக்கு நிக்குது."

"அப்ப என்ர கருவாட்டில கழுதை படுக்குது. அதையும் வந்து எடுங்கோவன்!"

தெருவே கூடிவிட்டது. மானத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை. தச்சு வேலைக்காரனைப் பிடித்து, றோசம்மாவின் படலையைப் பூட்டிக் கொடுத்து, தன் வாசலுக்கும் புதிதாக ஒன்று போட்டார்.

பற்றிக் அதோடு விட்டாரா? "இனிக் குசினியைக் காட்டுங்கோ ஐயா."

பெருநாளுக்கு மட்டும் எடுக்கிற கட்டில் விரிப்பைக் கிறகரி கரிச் சுவரில் தொங்கவிட்டார். படம் எடுத்து அனுப்பியும் விட்டார். திரும்பிப் பார்த்தால், விரிப்பின் நுனி அடுப்பில் கிடக்கிறது. மாக்கிறட் ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை வீசினாள். நெருப்பு அணைந்தது. கரி கரைந்து குசினி முழுக்க ஆறாக ஓடியது.

போன் அடித்தது. "ஐயா, அந்த விரிப்புக்குப் பின்னால சுவர் எப்பிடி?"

மனிசனுக்குக் கழுகுக் கண் என்று கிறகரி மனதுக்குள் மெச்சிக்கொண்டார். சுவரைச் சுரண்டிப் பூசிப் பெயின்ற் அடிக்க வேண்டியதாயிற்று.

"மஞ்சள் அடியுங்கோ. படத்துக்கு எடுப்பா இருக்கும்," என்றாள் மாக்கிறட்.

மஞ்சள் குசினி பற்றிக்குக்கு நன்றாகப் பிடித்தது. "அந்தச் சாமான் தட்டைத்தான் கொஞ்சம் கீழ இறக்கிப் போடுங்கோ. என்ர மனிசி கட்டை."

"எங்கட மனிசியும் கட்டைதான் தம்பி!" என்று கிறகரி விழுந்து விழுந்து சிரித்தார். ஒற்றுமை தெரிந்தால் வியாபாரம் சுலபமாகப் படியும் அல்லவா?

அடுத்தது விறாந்தையும் நடு அறையும். ஒழுகல் தெரியாதபடி போனைச் சரித்துச் சரித்து எடுத்தார்.

"மேல்பக்கத்தை ஏன் ஐயா விட்டனீங்கள்?"

கிறகரி தானே கூரையில் ஏறினார். விலகிக் கிடந்த ஒரு ஓட்டைத் தள்ளி வைக்கப் போக, மளமளவென்று சரிந்து இடுப்புவரை உள்ளே இறங்கிவிட்டார். மேலே பாதி, நடு அறையில் பாதி.

"மாக்கிறட்! என்னைப் பிடி!"

"அசையாதேங்கோ," என்றாள் அவள். கீழே போன் கிளிக் என்றது.

அந்தப் படம் தவறுதலாகப் பற்றிக்குக்குப் போய்விட்டதாம். "ஐயா, முகட்டால ஆற்றையோ ரெண்டு கால் தொங்குது," என்றார் அவர், ஒரு மாதிரிக் குரலில். "கூரையை முழுக்க மாத்தினாத்தான் என்ர மனிசி சம்மதிப்பா."

கூரையும் மாறியது. கிறகரியின் இடுப்பில் பிளாஸ்திரி.

கடைசியில், இந்தப் போன் சரிவராது என்று டவுனில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் வஸீரைக் கூட்டி வந்தார். வஸீர் உச்சி வெயிலில் கமராவைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான்.

"பொறுங்க அண்ணே. வெயில் சாயட்டும். வீடு விக்கிறது கதையால இல்ல, வெளிச்சத்தாலதான்."

பொழுது சாய்கையில் எடுத்த படத்தைக் கிறகரி தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். புதுப் படலை, புது ஓடு, யன்னலுக்குள் மஞ்சள் வெளிச்சம். தன் வீடுதானா என்று சந்தேகம் வந்தது. படத்தைப் போட்டதும் ஊரே புகழ்ந்தது.

பற்றிக் மட்டும் வாய் திறக்கவில்லை. அழைத்தால் எடுப்பதில்லை, எழுதினால் பதிலில்லை. டவுன் வீடும் சாய்மனைக் கதிரையும் கிறகரியின் கைக்கெட்டி நழுவிக்கொண்டிருந்தன. இன்னும் எந்தப் படம் குறைகிறது? கதவுக்குப் பின்னால் கதிரையில் கிடந்தபடி, பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுப் படலை திறக்கும் சத்தம் கேட்டது. றோசம்மா போனும் கையுமாக நேரே குசினிக்குப் போனாள். அவரை அவள் காணவில்லை.

"மாக்கிறட்டக்கா, கனடாவில இருந்து என்ர மருமகன் கேக்கிறார், இவ்வளவு திருத்தினது போதுமோ, இல்லாட்டிக் கக்கூசையும் ஒருக்காப் படம் எடுத்து அனுப்பச் சொல்லவோ எண்டு!"