காந்தல் இல்லாத களி

ஏழுமலையான் சாட்சி, கோவிந்தராஜர் சாட்சி, நேற்று நான் தின்ற லட்டும் சாட்சி! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் பல்லெல்லாம் இப்போதே கொட்டிப் போகட்டும்!

திருப்பதியில் விஜயராகவன் என்றொரு கணக்கு வாத்தியார். அவருக்கு வாழ்க்கைத் துணை தரணி; பாகாலா ஜங்ஷனில் ரயில்வே வேலை. இரண்டு ஆம்பளைகள், ஒரு வீடு, ஒரு அடுப்பு. அடுப்பு முழுக்கத் தரணியின் ராஜ்ஜியம். ராகவன் உள்ளே நுழைந்தால் பால் பொங்கும், குக்கர் அழும், தெருப் பூனை வேறு ஊருக்கு மாற்றல் கேட்கும்.

தரணியின் அம்மா கங்கம்மா சத்தியவேட்டில் இருந்தாள். மகன் ஒரு ஆம்பளையோடு குடித்தனம் நடத்துவது தெரிந்த நாளிலிருந்து இந்த வாசலை மிதித்ததில்லை. திடீரென்று ஒருநாள் போன்.

"ஞாயித்துக்கெழம வரேன். உங்கூட இருக்கிறவன் கையால ஒரு வாய் களி துன்றேன். மிச்சத்த அப்பால பேசிக்கலாம்."

ராகவனுக்கு வியர்த்தது. அவர் போனில் ஒளித்து ஒளித்துப் படிக்கும் ஜப்பான் படக்கதையில் இந்தத் தொல்லையே இல்லை. அதில் ஒரு பையன் சமைப்பான். இன்னொரு பையன் ஒரு வாய் தின்றதும் கன்னம் சிவப்பான். சுற்றிலும் பூ கொட்டும். மாமியார் என்று ஒருத்தி எந்தப் பக்கத்திலும் வரமாட்டாள்.

"நானே கிண்டுறேன்!" என்றார்.

"நீயா?"

"நானேதான். நீ போயி அம்மாவ பஸ் ஸ்டாண்டுலேருந்து கூட்டிக்கினு வா. அடுப்பாண்ட வராத."

"வீடு இருக்குமா ராகவா, நான் திரும்பி வரச்சொல்ல?"

ஞாயிற்றுக்கிழமை தரணியின் தலை மறைந்ததும் ராகவன் மெஸ்ஸுக்கு ஓடினார். ஆவி பறக்கும் கேழ்வரகுக் களி உருண்டைகள், கோழிக் குழம்பு. எல்லாவற்றையும் புதுப் பாத்திரங்களுக்கு மாற்றினார். மூக்கில் கொஞ்சம் கேழ்வரகு மாவைப் பூசிக்கொண்டு, பெரிதாய் மூச்சு வாங்கியபடி நின்றார்.

கங்கம்மா வந்தாள், உட்கார்ந்தாள். தட்டைத் தொடவில்லை.

"காந்தல் எங்க?"

"என்னது?"

"களி கிண்டுன சட்டியில அடியில புடிச்சிக்கினு இருக்குமே, அப்பளமாட்டம். எங்க ஊட்டுக்கு மொத மொதலா வர்றவங்களுக்கு அதத்தான் உரிச்சிக் குடுப்போம். கொண்டா."

ராகவன் பாத்திரத்துக்குள் குனிந்தார். அது பளபளவென்று அவர் முகத்தையே காட்டியது. மூக்கில் மாவோடு.

"அது... தேய்ச்சிக் கழுவிட்டேன் அத்தே."

'அம்மா' என்று கூப்பிட வாரம் முழுக்கப் பழகிய வாய், பயத்தில் தடம்புரண்டுவிட்டது. காது இரண்டும் தோசைக்கல்லாய்ச் சுட்டன. தரணி மேலே சுற்றும் ஃபேனை ஆராய்ச்சி செய்தான்.

"களி இன்னும் கொதிக்குது. அதுக்குள்ள சட்டி காஞ்சிட்டுதா? எந்த மெஸ்ஸு?"

"ஸ்டேஷனுக்குப் பின்னாடி..."

எத்தனை பையன்களைப் பிட்டு அடித்ததற்காகப் பரீட்சை ஹாலை விட்டுத் துரத்தியிருப்பார்! அத்தனை பேரும் வரிசையாக நின்று கைகொட்டுவது போலிருந்தது. மூக்கைத் துடைக்கப் போனார், மாவு கன்னத்துக்கும் பரவியது.

கங்கம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அத்தேன்னு கூப்புட்டுட்ட. அப்ப மருமவன். மருமவன் வெல குடுத்து வாங்கியாந்து போடுறதா? எழுந்து அடுப்பப் பத்தவை."

கிண்டினார். கட்டி தட்டியது. "அழுத்துடா!" அழுத்தினார். கை கொப்பளித்தது. பிடித்தது பாருங்கள் அடியில், தார் ரோடு மாதிரி ஒரு காந்தல்! கங்கம்மா உரித்து வாயில் போட்டு மென்றாள்.

"தீஞ்சிகினுதான் கீது. பரவால்ல." இன்னொரு துண்டை ராகவன் வாயில் திணித்தாள். "நீ மெஸ்ஸுலதான் வாங்குவன்னு இவன் நேத்தே சொல்லிட்டான். காந்தலக் கேளும்மான்னு சொல்லிக் குடுத்ததே இவன்தான்."

ராகவன் திரும்பினார். தரணி சாவகாசமாய் மெஸ் கோழியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்னா பண்றது ராகவா? உங்கையால ஒரு வாய் துன்ன எனக்கு வேற வழி தெரியல."

"அடுத்த வாரம் எங்க சனமெல்லாம் வருது," என்றாள் கங்கம்மா. "பெரிய சட்டியா வாங்கி வை, மருமவனே."

ஐயா, கேட்டதோடு விட்டுவிடுங்கள். இதைச் சொன்னது யாரென்று ராகவன் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் கீழ்வீட்டுக்காரன், வாராவாரம் ஓர் உருண்டை எனக்கும் வருகிறது.