மாடத்தைப் பார்த்து ஒரு வணக்கம்

மேட்டுமருதம் என்றொரு நாடு. அங்கே வயலுக்குத் தண்ணீர் வருமா வராதா என்பதை வானம் தீர்மானிப்பதில்லை, பந்து தீர்மானிக்கும். ஆற்றுக்காகப் பக்கத்து நாடான பள்ளத்துறையோடு மூன்று தலைமுறை வெட்டிக்கொண்டு செத்தபின், இரு நாட்டாரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். சித்திரையில் ஒரே ஒரு கால்பந்தாட்டம். ஜெயித்தவர் கையில் ஓராண்டுக்கு மதகுச் சாவி. சமனானால் சாவி இருந்த இடத்திலேயே இருக்கும்.

காத்தான் ஆடிய ஆறு வருடமும் சாவி மேட்டுமருதத்தில்தான் இருந்தது. ஆனால் அவனை வைத்து மேய்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. முதுகுக்குப் பின்னால் விசில் கேட்டால் கை ஓங்கிவிடுவான். சொல்லாமல் கொள்ளாமல் நாலு நாள் காணாமல் போவான். பயிற்சியாளர் மாசிலாமணி அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். பயிற்சியில் விசிலே கிடையாது, கைதட்டல்தான். போனவன் திரும்பி வந்தால், "எங்கேடா போனே?" என்று கேட்கமாட்டார். ஒரு வாளித் தண்ணீரையும் அழுக்குப் பந்துகளையும் அவன் முன்னால் வைப்பார். ஐந்தாவது பந்தைக் கழுவும்போது அவனே பேச ஆரம்பிப்பான்.

இது ஒழுக்கத்துறை அமைச்சர் விடங்கருக்குப் பொறுக்கவில்லை.

"ஒருவனுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? பயிற்சிக்கு வராதவன் ஆடக் கூடாது" என்று ஆணை பிறந்தது. காத்தான் வெளியே உட்கார்ந்தான். சாவி பள்ளத்துறைக்குப் போனது. அந்த ஆண்டு கடைமடை வயல்கள் காய்ந்து வெடித்தன. மாடுகள் சந்தைக்குப் போயின.

அமைச்சர் ஆராய்ந்து அறிவித்தார்: "தோல்விக்குக் காரணம், ஒழுக்கம் போதவில்லை."

இரண்டாவது ஆணை வந்தது. காலுக்குப் பந்து வந்ததும் வீரன் நின்று, அரச மாடத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் உதைக்க வேண்டும். கோல்கீப்பருக்கு மட்டும் மாசிலாமணி ஏழு மனு எழுதி விலக்கு வாங்கினார்.

"காத்தானையும் சேர்த்துக்கொள்ளும்படி மக்கள் கூச்சலிடுகிறார்கள்" என்றார் விடங்கர். "அரசுக்குக் கருணை உண்டு. ஆணைப்படி நடப்பேன் என்ற இந்த உறுதிமொழியில் அவன் கையெழுத்தை வாங்கி வாரும், மாசிலாமணியாரே. இல்லையென்றால் அவன் இந்த ஆண்டும் வெளியேதான்."

இன்னொரு ஆண்டு தண்ணீர் இல்லையென்றால் ஊர் இருக்காது. மாசிலாமணி தாளை எடுத்துக்கொண்டு காத்தானிடம் போனார்.

"சும்மா ஒரு கையெழுத்துடா. உள்ளே போயிட்டா யார் உன்னைக் கேட்கப் போறா?"

காத்தான் தாளைப் படித்தான். "வாத்தியாரே, நான் பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன். போட்டா அதன்படிதான் நடப்பேன். தெரிஞ்சுதான் கேட்கிறீங்களா?"

"முதல்ல போடு. மத்ததைக் களத்துல பார்த்துக்கலாம்."

போட்டான்.

ஆட்ட நாளன்று மைதானத்தின் இரு கரையும் ஆளாய் நிறைந்திருந்தது. மேட்டுமருதத்து வீரர்கள் குனியக் குனியப் பள்ளத்துறையார் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். "மெதுவா கும்பிடுங்க அண்ணே, அவசரமில்லை!" என்று கேலி வேறு. கோல்கீப்பர் விழுந்து புரண்டு காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

காத்தான் மட்டும் பந்தைத் தலையால் முட்டினான், நெஞ்சால் தள்ளினான். ஒருமுறைகூடக் காலால் தொடவில்லை. கூட்டம் ஆரவாரித்தது. மாசிலாமணி மட்டும் கைதட்டவில்லை. ஆணையில் கால் என்றுதான் எழுதியிருந்தது. பயல் எழுத்துக்கு எழுத்து நடக்கிறான்.

கடைசி நிமிடம். இரு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக் கோல்கீப்பர் சறுக்கி விழுந்தான். பந்து உருண்டு வந்து காத்தானின் வலது காலடியில் நின்றது. எதிரே பத்தடியில் வெறும் வலை.

"அடிடா!" என்று மாசிலாமணி கத்தினார். "காத்தான், அடிடா!"

காத்தான் அவரைப் பார்த்தான். பிறகு திரும்பி, மாடத்தை நோக்கி நிதானமாகக் குனிந்தான். நிமிர்ந்தபோது பந்து இல்லை. விசில் ஒலித்தது, அவன் முதுகுக்குப் பின்னாலேயே. கை ஓங்கவில்லை.

கரையில் ஒரு சத்தமில்லை. மாடத்தில் மட்டும் கைதட்டல் எழுந்தது. விடங்கர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அடங்காதவன் என்று பெயரெடுத்தவன் அடங்கிவிட்டான்! இதைவிட நமக்கு என்ன வெற்றி வேண்டும்? சாவி யாரிடம் இருந்தால் என்ன?" மாசிலாமணியின் தோளில் பொன்னாடை விழுந்தது. "இவனையே திருத்திய நீர், இன்று முதல் நாட்டு மக்கள் அனைவருக்கும் பயிற்சியாளர். நாளை காலையே தொடங்கும்."

மறுநாள் மைதானத்தில் மக்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லார் கையிலும் காலிக் குடம். வரிசையில் முதல் ஆள் காத்தான்.

மாசிலாமணி அவனிடம் போனார். முன்பு பந்து கழுவ வைத்த வாளி வெறுமையாக அவர் கையில் தொங்கியது. "ஒரு வார்த்தை திட்டிடுடா" என்றார்.

காத்தான் மாடத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினான். அதற்குப் பிறகுதான், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி, வாத்தியாரே" என்று கேட்டான்.