மேல்வீட்டின் மீது ஓர் ஆட்சேபணை

மறுபடியும் திருகாணி பறந்துவிட்டது.

கடுகில் பாதி இருக்கும் அந்தத் திருகாணியை இடுக்கியால் பிடித்து, மூச்சை அடக்கி, கைக்கடிகாரத்தின் வயிற்றுக்குள் இறக்கப் போன நேரத்தில்தான் மேல்வீட்டில் 'தொம்' என்றது. தொடர்ந்து தொம், தொம், தொம். மேசை அதிர்ந்தது. திருகாணி போன இடம் தெரியவில்லை.

வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒரு கண்ணில் லென்ஸோடு தரையில் மண்டியிட்டார்.

"இப்பத்தானே பெருக்கிட்டுப் போனேன்? எதைத் தேடறீங்க?" என்றாள் மனைவி.

"என் பிழைப்பை."

மேல்வீட்டில் குடியிருந்தவர் ஸ்கிப்பிங் மாஸ்டர். கயிற்றைச் சுழற்றிக் குதிப்பதையும் ஒரு வித்தையாக வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பவர். தொப்பை கரைய வேண்டிய கனவான்கள் கூட்டமாக வந்து குதித்தார்கள். ஒல்லியானவர்கள் ஒருவரும் வருவதில்லை என்பதுதான் கீழ்வீட்டின் துரதிர்ஷ்டம்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் முறையிட்டாகிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நானும் அங்கதான் சார் குதிக்கிறேன். சுகர் நல்லா இறங்கியிருக்கு" என்றார்.

இங்கே வாடிக்கையாளர் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. "ஓடாட்டியும் பரவாயில்லை, குடுத்ததை அப்படியே குடுத்துடுங்க" என்று கடிகாரங்களைத் திரும்ப வாங்கிப் போக ஆரம்பித்திருந்தார்கள். இப்படியே போனால் வீட்டு முன்னறையில் நடத்திவந்த கடையை மூட வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. சொந்த வேலை தவிர ஊரில் உள்ள எல்லா ஆபீஸ் வேலையும் அவனுக்கு அத்துப்படி.

"மாமா, வீட்டுல கிளாஸ் நடத்த நகராட்சி அனுமதி வேணும். அதே விலாசத்துல வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் குடுப்பாங்க. பேரைத் தூக்கினா அனுமதி போச்சு. அனுமதி போனா கயிறு போச்சு."

"எப்படித் தூக்கறது மச்சான்?"

"இந்த ஆள் இங்க குடியில்லைன்னு ஒரு ஆட்சேபணை எழுதிப் போடுங்க."

"தலைக்கு மேலயே குதிக்கிறானேப்பா!"

"அதை நிரூபிக்கிறது அவன் பாடு. ஆபீஸுக்கு நடந்து நடந்தே இளைச்சுடுவான். அப்புறம் குதிக்க உடம்பு எங்க இருக்கும்?"

தேர்தல் அலுவலகத்தில் கிளார்க் அம்மாள் ஆட்சேபணையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க வாக்காளர் எண்?"

"எனக்கு எதுக்குங்க? ஆட்சேபணை அவர் மேலதானே?"

"பட்டியல்ல இருக்கிறவங்கதான் பட்டியல்ல இருக்கிற இன்னொருத்தர் மேல ஆட்சேபணை குடுக்க முடியும். ரோட்டுல போறவங்க எல்லாம் குடுக்க முடியாது."

வாட்ச் ரிப்பேர்க்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் வாலிப வயதிலிருந்தே பெயர் சேர்த்ததில்லை. பெயரைச் சேர்த்தால் கண்டவனும் வந்து கும்பிடு போட்டுக் கதவைத் தட்டுவான் என்பது அவருடைய கொள்கை. ஓட்டே போடாதவனுக்குத்தான் எல்லாக் கட்சிகளையும் பாரபட்சமின்றித் திட்டும் தகுதி உண்டு என்றும் சொல்லிக்கொள்வார்.

"சரி, என் பேரைச் சேர்த்துக்கோங்க."

"விலாசத்துக்கு என்ன ஆதாரம்?"

வாடகை ஒப்பந்தம் மனைவி பெயரில். மின்சார ரசீது வீட்டுச் சொந்தக்காரர் பெயரில். வாசலில் தொங்கும் போர்டில் 'வாட்ச் ரிப்பேர்' என்று மட்டும்தான் இருந்தது. அந்த வீட்டில் அவர் வாழ்கிறார் என்பதற்கு அவரைத் தவிர வேறு அத்தாட்சியே இல்லை.

கிளார்க் அம்மாள் பட்டியலைப் புரட்டினார். "இந்த விலாசத்துல உங்க மனைவி இருக்காங்களே. ஒவ்வொரு தேர்தல்லயும் ஓட்டுப் போட்டிருக்காங்க."

"யாரு, என் மனைவியா?"

"மனைவின்னு நீங்கதான் சொல்றீங்க. சொந்தக்காரங்க சாட்சி செல்லாது. அதே கட்டடத்துல குடியிருக்கிற ஒரு வாக்காளர், 'இவரை எனக்கு நல்லாத் தெரியும், இவர் இங்கதான் இருக்கார்'னு கையெழுத்துப் போடணும்."

அந்தக் கட்டடத்தில் இருந்ததே இரண்டு வீடுகள்.

வீட்டுக்குப் போனதும் முதலில் மனைவியைப் பிடித்தார். "நீ ஓட்டுப் போடறியாமே! எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"கடைக்குப் போயிட்டு வரேன்னு சொல்வேன். நீங்க லென்ஸைக் கழட்டாமலே 'ம்'னு சொல்வீங்க. வழியில போட்டுட்டு வந்துடுவேன்."

அந்த வீட்டில் ஜனநாயகம் தம் காலடியில் நடந்துகொண்டிருந்தது தெரியாமல் போயிற்றே என்று நொந்துகொண்டே மாடிப்படி ஏறினார்.

மாஸ்டர் கழுத்தில் கயிற்றோடு கதவைத் திறந்தார். பார்த்ததும் முகம் வாடிப்போயிற்று. "கீழ்வீட்டு சாரா? சத்தம் ரொம்ப அதிகமா இருக்கா சார்?"

"சத்தமா? எந்தச் சத்தம்?"

"கம்பால கீழேருந்து இடிச்சீங்களே?"

"அதுவா? ஒட்டடை அடிச்சேன்."

"தினமுமா சார்?"

"சுத்தமா இருக்கணும்னு ஒரு பழக்கம்."

வந்த காரியத்தைச் சொன்னார். மாஸ்டர் சாட்சித் தாளைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"'நல்லாத் தெரியும்'னு போட்டிருக்கே சார். நாம ஒரு நாள்கூடப் பேசினதில்லை. பொய்க் கையெழுத்துப் போட எனக்கு மனசு வராது. கொஞ்சம் பழகிட்டுப் போடறேனே?"

ஊரில் இத்தனை அயோக்கியர்கள் இருக்க, தனக்கு வாய்த்தது ஒரு நேர்மையாளன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாட்ச் ரிப்பேர்க்காரர் பழகினார். தினமும் மாலையில் மாடிக்குப் போய்ச் சர்க்கரையில்லாத டீ குடித்தார். கனவான்கள் குதிப்பதைப் பார்த்துக் கைதட்டினார். மாஸ்டரின் ஸ்டாப்வாட்ச் நின்றுபோயிருந்ததைப் பார்த்து, நெருக்கத்தைக் கூட்ட அதையும் சரிசெய்து கொடுத்தார். அதுவரை குத்துமதிப்பாகப் பாதியில் முடிந்துகொண்டிருந்த வகுப்பு, அன்றிலிருந்து ஒரு நொடி குறையாமல் முழுசாக நடந்தது.

"உங்களுக்குச் சத்தமே கேக்கலைன்னதும் எனக்கு எவ்வளவு தைரியம் வந்துச்சு தெரியுமா சார்?" என்றார் மாஸ்டர் கண்கலங்க. "காலையில இன்னொரு பேட்ச் ஆரம்பிச்சுட்டேன்."

அப்படியே கையெழுத்தும் போட்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, அந்தக் காலை பேட்ச் உச்சத்தில் இருந்த நேரமாகப் பார்த்து வந்தார். சுண்ணாம்புப் பொடி அவர் ஃபைலில் உதிர்ந்தது.

"மேல என்னங்க, இடிக்கிறாங்களா?"

"என் சாட்சி சார். உள்ளேதான் இருக்கார்."

"ஆள் எப்படி?"

ஆளைக் குறை சொன்னால் சாட்சி செல்லாமல் போய்விடுமோ என்று வாட்ச் ரிப்பேர்க்காரர் பயந்தார். "தங்கமான மனுஷர் சார். இவர் இல்லாத வீட்டை என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியலை."

"பொறாமையா இருக்குங்க. என் பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியைத் திருப்பிக்கிறான்" என்ற அதிகாரி, அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டார். மேலே போய் மாஸ்டரிடம் படித்தும் காட்டினார். குதிப்பது சிறிது நேரம் நின்றது. பிறகு இரட்டிப்பு உற்சாகத்தோடு தொடர்ந்தது.

ஒருவழியாகப் பெயர் பட்டியலில் ஏறியது. மறுநாளே ஒரு கட்சிக்காரர் கதவைத் தட்டி, "புது வாக்காளரே!" என்று கும்பிட்டார். அவர் போனதும் எதிர்க்கட்சிக்காரர் வந்து, அவர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். வாட்ச் ரிப்பேர்க்காரர் கொள்கையை மறந்து இருவருக்கும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு, பழைய ஆட்சேபணையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"இப்ப எனக்கு எண் இருக்கு. இந்தாங்க. மேல்வீட்டுக்காரர் அங்க குடியில்லை."

கிளார்க் அம்மாள் படித்தார். வாட்ச் ரிப்பேர்க்காரரின் ஃபைலை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது இவர்தானே?"

"ஆமா."

"அதே கட்டடத்துல குடியிருக்கிறவர்னு?"

"ஆ...மா."

"அவர் அங்க குடியில்லைன்னா அவர் சாட்சி செல்லாது. சாட்சி செல்லலைன்னா உங்க பேர் பட்டியல்லேருந்து போயிடும். உங்க பேர் போச்சுன்னா, இந்த ஆட்சேபணை குடுக்கவே உங்களுக்கு உரிமை கிடையாது." தாளை மெதுவாகத் திருப்பி நகர்த்தினார். "வாங்கிக்கட்டுமா, வேண்டாமா?"

வாட்ச் ரிப்பேர்க்காரர் தாளை நாலாக, எட்டாக, பதினாறாக மடித்தார். மேலும் மடிக்க முடியாததால் பையில் வைத்துக்கொண்டார்.

ஃபைல்களைச் சுமந்து வந்த அட்டெண்டர் அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஐயா, அந்த மாஸ்டரோட கீழ்வீட்டுக்காரர் நீங்கதானா? 'என்னால கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவு, வேற தெருவுக்குப் போறேன், பேரை அந்த விலாசத்துக்கு மாத்திக் குடுங்க'ன்னு நீங்க முதல்ல இங்க வந்த அன்னிக்கே அவர் எழுதிக் குடுத்துட்டுத்தான் போனாரு. அப்புறம் 'அவர் என் மேல உசுரையே வச்சிருக்காரு, விட்டுட்டுப் போக மனசு வரலை'ன்னு வந்து திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாருங்க!"