வைப்பர் அக்காவும் அடைத்த வென்டிலேட்டரும்

செஞ்சிக் கோட்டை எத்தனை ராஜாக்களைப் பார்த்திருந்தாலும், வைப்பர் அக்காவைப் போல் ஓர் ஆட்சியைப் பார்த்திருக்காது. மூன்று போர்ஷன் கொண்ட எங்கள் காம்பவுண்டுக்கு அவர்தான் சொந்தக்காரர். உலகத்து நோய்க்கெல்லாம் காரணம் ஈரமான பாத்ரூம் சுவர் என்பது அவர் கட்சி.

குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால், கையில் தண்ணீர் வழிக்கும் வைப்பரோடு வாசலில் நிற்பார்.

"செவுத்த வழிச்சியா?"

"இல்லக்கா, ஆபீசுக்கு டைம் ஆவுது."

"ஆபீசு எங்கியும் ஓடாது. பூசணம்தான் ஓடியாரும். உள்ள போ."

பக்கத்துப் போர்ஷன் ஹெட்மாஸ்டர், சொட்டும் தலையோடு சுவரை வழித்ததைப் பார்த்திருக்கிறேன். ஈரத்துணியை உள்ளே விட்டுவந்தால் அது தெருப்பக்கக் கொடிக்குப் போய்விடும். துண்டென்றால் பரவாயில்லை.

இத்தனை வழித்தும் எங்கள் பாத்ரூமில் மட்டும் கறுப்பாய்ப் பூசணம் படர்ந்தது. ஊர் வழக்கப்படி பொங்கலுக்கு அதன்மேலேயே சுண்ணாம்பு அடித்தேன். மாசி பிறப்பதற்குள் மறுபடி எட்டிப் பார்த்தது. என் மனைவி செல்விக்கு ஏற்கெனவே வீசிங். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திண்டாடுவாள். டாக்டர் வீட்டை மாற்றச் சொன்னார். வல்லத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக அவள் பெட்டி கட்டிவிட்டாள்.

பெட்டியைப் பார்த்ததும் அக்கா நேராகப் பாத்ரூமுக்குள் நுழைந்து ஸ்டூல் போட்டு ஏறினார். வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கு உள்பக்கம், உறவுக்காரர் வீட்டுக் காதணி விழா பேனரை நான் ஆணியடித்து அடைத்திருந்தேன்.

"இன்னாப்பா இது?"

"கொரங்குக்கா. கோட்டையில இருந்து வந்து, பட்டைய உருவிட்டு சோப்ப தூக்கினு போயிடுது."

"சோப்பு போனா கடையில கெடைக்கும். அந்தப் பொண்ணுக்கு மூச்சு போனா?"

அக்கா பிடித்து இழுத்தார். பேனர் கிழிந்தது. செல்வியைத் தன் வீட்டில் உட்காரவைத்துவிட்டு, என் மூக்கில் துண்டைக் கட்டி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுவரைத் தேய்க்கவிட்டார். நன்றாகக் காயும்வரை சுண்ணாம்பு டப்பாவைத் தொடவிடவில்லை.

குரங்குக்குக் கம்பிவலை என்று முடிவாயிற்று. வெல்டர் தம்பியோ "நாளைக்கு வரேன்" என்றே நாளைக் கடத்தினார். அதுவரை செல்வி குளிக்கப் போகும்போதெல்லாம் அக்கா பின்பக்கம் ஒரு நாற்காலி போட்டு, குச்சியோடு காவல் இருந்தார். ஒருநாள் ஒரு குரங்கு அவருடைய வைப்பரையே தூக்கிக்கொண்டு மாடியேறிவிட்டது. போய்த் துரத்துவார் என்று பார்த்தேன். செல்வி தாழ்ப்பாள் திறக்கும்வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

வலை வந்தது, பெட்டி பரணுக்குப் போனது. நன்றி சொல்லப் போனேன்.

"அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா..."

"பாத்ரூம் கதவ தொறந்து வெச்சிட்டு வந்தியா? போ, காயட்டும்."

அந்த வருஷ மழைக்காலம் முழுக்கச் செல்வி அயர்ந்து தூங்கினாள். பக்கத்தில் படுத்து அவள் மூச்சைக் கேட்கும்போதெல்லாம், அக்கா நூறு வயசு இருக்கணும் என்று நினைத்துக்கொள்வேன்.