வுட் கைவிட்ட படலம்

வாழி! மூட்டை சுமந்து காய்த்த தோளினன், வலித்தைலமே சந்தனமாய் மணக்கும் முதுகினன், சரக்குக் கிடங்கின் சிங்கம்! அவன் வேறு யாருமல்லன், நானே. என்னைப் பாட ஒருத்தனும் முன்வராமையால் நானே பாடுகிறேன், கேளீர்! இலக்கணம் காக்கும் தெய்வமே, பிழை பொறுப்பாயாக!

இம்முதுகு இனிச் சுமை தாங்காதென வைத்தியர் கைவிரித்த வாரத்தில், கிரேனுக்குக் கீழே நின்று கைகாட்டும் மேற்பார்வை வேலை காலியாயிற்று. குனியவேண்டாத, தூக்கவேண்டாத பொற்பதவி! அதை வெல்லத் தமிழறியா மேலாளர் முன் ஆங்கிலப் போர் புரியவேண்டும். அவர் கேட்கப்போகும் கேள்வியோ கிடங்கே அறிந்தது: தூக்கும்போது சங்கிலி அறுந்தால் என்ன செய்வாய்?

‘அறுந்தால் நிறுத்துவேன்’ என்று தமிழில் ஓர் ‘ஆல்’ போட்டு முடிக்கும் காரியத்துக்கு, ஆங்கிலம் இரட்டைக் கோட்டை எழுப்பியிருந்தது. கிரேன் ஓட்டும் என் மச்சான், டீ கிளாஸைச் செங்கோலென ஏந்திப் போர்முறை ஓதினான்.

“இஃப் பக்கம் ‘புரோக்’னு நடந்து முடிஞ்ச மாதிரி சொல்லு மாப்ள. அந்தப் பக்கம் ‘வுட் ஸ்டாப்’. வுட்டை விட்டே, தொலைஞ்சே.”

“நடக்காததை எதுக்கு மச்சான் நடந்த மாதிரி சொல்லணும்?”

“இங்கிலீஷைக் கண்டுபிடிச்சவன்கிட்ட போய்க் கேளு. மொதல்ல வுட்டைப் பிடி.”

பிடித்தேன். மூட்டைக்கொரு வுட்டாய் முனகினேன். உறக்கத்திலும் அதையே முழங்க, என் மனைவி எழுந்து உட்கார்ந்து, “யாருய்யா அந்த வுட்டு?” என்று வினவினாள்.

வந்தது போர்நாள். ஏசி அறையாகிய களத்தில், சட்டை மடிப்புக் கலையாத மேலாளர் கேள்விக்கணை தொடுத்தார். “இஃப் செயின் புரோக்” என்று முதற்கோட்டையைத் தகர்த்து, அணையுடைத்த வெள்ளமென இரண்டாங்கோட்டை மேல் பாய்ந்த அக்கணத்தில், சோறும் உறக்கமும் விட்டு நான் வளர்த்த வுட்டெனும் போர்க்குதிரை, என்னை நடுக்களத்தில் உதறிவிட்டு ஓடியே போயிற்று.

“ஐ ஸ்டாப்ட் கிரேன், சார்!”

மேலாளர் முகம் வெளிறிற்று. வுட் ஓடிப்போனதால், அறாத சங்கிலி ஏற்கெனவே அறுந்ததாகிவிட்டதே! “வென்?” என்றார். எப்போதெல்லாம் நிறுத்துவாய் என்கிறார் போலும் என்றெண்ணி, கடமை தவறா வீரனாய் நெஞ்சு நிமிர்த்தி முழங்கினேன்:

“எவ்ரி டைம், சார்!”

அதிர்ந்தது கிடங்கு! பறந்தன ஆணைகள்! சங்கிலிகள் யாவும் கழற்றப்பட்டுச் சோதனைக்கென லாரியேற, கிரேன்கள் துதிக்கை இழந்த யானைகளாய் நிற்க, மச்சான் மேலிருந்து இறங்கிவந்து, “உள்ளே என்னத்தைடா சொல்லித் தொலைச்சே?” என்று திருவாய் மலர்ந்தான்.

சங்கிலி திரும்பி வர்ற வரைக்கும் எல்லாச் சரக்கும் முதுகுலதான்னு சொல்லிட்டாங்க.